முட்டை அட்டையில் நின்ற போன்கள்

நாமக்கல்லில் நான் நர்சிங் படித்த கல்லூரியில், மனநலப் பாடம் எடுத்த மேடம் ஒருவர் இருந்தார். மனதைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. மனிதர்களைப் பற்றித்தான் எதுவும் தெரியாது. இப்படிச் சொல்வது திமிர் என்று தோன்றினால் தோன்றட்டும். என் திமிரை அவரே வினாத்தாள் வைத்து அளந்து உறுதி செய்திருக்கிறார்.

கல்லூரியின் சேர்மன் முதலில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். பிறகு லாரிக்கு பாடி கட்டினார். அதற்கும் பிறகு, பெண்பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மையை ஊட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எங்களைப் பார்த்துக் கூண்டுக்கோழிகள் என்று பஸ்ஸில் கிண்டல் செய்வார்கள். அந்த ஒப்பீட்டை நான் ஏற்கமாட்டேன். கோழிக்கு வேளாவேளைக்குத் தீவனம் போய்ச் சேரும். எங்கள் மெஸ்ஸில் அந்த உத்தரவாதம் கிடையாது, முட்டை மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

மேடம் சேலம் அம்மாபேட்டையிலிருந்து தினமும் வந்துபோவார். முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தார். போனைப் பிரிந்தால் மாணவிகளுக்கு வரும் பதற்றத்துக்கும் அவர்களுடைய ஆளுமைக் குணங்களுக்கும் என்ன தொடர்பு என்பது தலைப்பு. அந்தப் பதற்றத்துக்கு நோமோபோபியா என்று பெயராம். வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது, தானே பெற்று வளர்த்த பிள்ளையைக் கூப்பிடுவதுபோல அவ்வளவு ஆசையாகச் சொல்வார்.

நாங்கள் கடைசி வருடம். ஒருநாள் மதியம் வினாத்தாளைக் கொடுத்தார். முதல் பாதியில் நம் குணத்தைப் பற்றிய கேள்விகள், அடுத்த பாதியில் போனைப் பற்றிய கேள்விகள். எங்கள் வகுப்பு எதையும் பரீட்சையாகத்தான் பார்க்கும். முன்வரிசைக்காரி எழுந்து, "மேம், இதுல எது கரெக்ட் ஆன்சருங்க?" என்று கேட்டாள். சரியான விடை தவறான விடை என்று எதுவும் கிடையாது, மனதில் பட்டதைப் போடுங்கள் என்றார் மேடம். மனதில் படும்வரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? பின்வரிசை முழுக்க ஒருத்தி தாளைப் பார்த்து இன்னொருத்தி தன் குணத்தை எழுதிக்கொண்டாள். எட்டுப் பேருக்கு அச்சு அசலாக ஒரே ஆளுமை வந்ததைப் பார்த்து மேடம் அதிசயப்பட்டார். ஒரே விடுதியில் வாழ்வதன் தாக்கம் என்று அதற்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்தார்.

நான் உண்மையாகத்தான் எழுதினேன். பிறரோடு இணங்கிப் போகும் குணத்தில் வகுப்பிலேயே நான்தான் கடைசி. போன் பதற்றமும் எனக்குக் குறைவு. சுயசார்புள்ள பெண் என்று மேடம் என்னைப் பாராட்டினார். சுயசார்பும் இல்லை, சுரைக்காயும் இல்லை. என் ஊர் பனமரத்துப்பட்டி. அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. நான் சோறு தின்றேனா, தூங்கினேனா என்று போன் போட்டுக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. யாரும் கூப்பிடாத போனைப் பிரிந்து எவள் பதறுவாள்?

பதற்றத்தில் முதலிடம் பிடித்தவள் என் அறைத்தோழி. அதுதான் மேடத்தைத் துள்ளவைத்தது. ஏனென்றால் ஒழுங்கிலும் இணக்கத்திலும் அவள்தான் முதலிடம். அவள் சீருடையில் ஒரு மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. வார்டில், ஊசி போட நரம்பே அகப்படாத கிழவிகள் அவளைத்தான் தேடுவார்கள். "அந்தச் சிரிச்ச மொகத்துப் புள்ளய வரச்சொல்லுங்க சாமி" என்பார்கள். இப்படிப்பட்டவளுக்குப் போன்மீது இத்தனை பித்து எப்படி என்பது மேடத்துக்குப் பெரிய புதிராகிவிட்டது.

எனக்கு அதில் புதிர் ஏதும் இருக்கவில்லை, ஏனென்றால் நான் அவளோடு ஒரே அறையில் இருந்தேன். அவளுடைய அப்பாவுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம் இருந்தது, போர்வெல் போடும் ரிக் வண்டி மூன்றும் ஓடியது. பெண்ணை விடுதியில் விட்டுப் படிக்கவைக்க அவர் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில். அவர் கூப்பிட்டால் அவள் உடனே எடுக்கவேண்டும். எடுக்காத அன்றைக்குப் படிப்பு நின்றுவிடும். விடுதியை விட்டுக் கிளம்பும்போது ஒரு அழைப்பு, வகுப்பு முடிந்ததும் ஒரு அழைப்பு, சாயங்காலம் வீடியோ. அந்த வீடியோவில் அவள் போனைத் திருப்பித் திருப்பி அறை முழுவதையும் காட்டவேண்டும். அவள் கட்டில், என் கட்டில், அலமாரி, கதவுக்குப் பின்பக்கம் எல்லாம். நான் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, "நல்லாருக்கீங்களாப்பா" என்று சிரிப்பேன். "நல்லாருக்கறேன் சாமி" என்பார் அவரும், மிக அன்பாக. இது போதாதென்று, அவளுடைய போன் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவருடைய போனில் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். அவர் அழைத்தால் மட்டும் ஒலிக்கிற ஒரு நாதஸ்வர மணியை அவரே தேடி வைத்துக் கொடுத்திருந்தார்.

அதனால் அவள் குளிக்கப் போனாலும் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் குளியலறை ஜன்னலில் வைப்பாள். தலையில் சோப்பு நுரையோடு பேசிவிட்டு வந்த நாட்களும் உண்டு. விடுதியைச் சுற்றிப்பார்க்க வந்த மேடம் ஒருநாள் அந்தக் கவரைப் பார்த்துவிட்டார். "பாத்ரூமுக்குக்கூடப் போனா? இதுதாம்மா அடிக்‌ஷன்" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க மேம்" என்றாள்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். படிப்பை முடித்துக் கோயமுத்தூரில் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. நர்ஸாகப் போகவேண்டும். ஐ.சி.யூ. வேலை முதுகை ஒடிக்கும், வேறு வார்டு கேள் என்று நான் சொன்னேன். "உள்ள போன் கொண்டு போகக்கூடாதுங்கறாங்களே, அது எத்தன நல்ல ரூல் தெரியுமா புள்ள" என்றாள். "ஆரு கூப்புட்டாலும் எடுக்க முடியாது. ஆரும் கோவிச்சுக்கவும் முடியாது." வகுப்பிலேயே போனைப் பிரிய முடியாதவள் என்று அளக்கப்பட்டவள் சொன்ன வார்த்தை இது. இதைக் கேட்க மேடத்தின் வினாத்தாளில் கேள்வியே இல்லை.

அடுத்த கட்டமாக, போன் இல்லாமல் ஒரு வாரம் என்று மேடம் அறிவித்தார். வாரத்துக்கு முன்னும் பின்னும் பதற்றத்தை அளந்து, குறைந்திருக்கிறதா என்று பார்ப்பாராம். என் தோழி அவர் மேசை அருகே போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"மேம், எங்கப்பா கூப்புடுவாருங்க" என்றாள்.

"எல்லா அப்பாவும்தான் கூப்பிடுவாங்க. பிரச்சினையே அதுதானேம்மா. தொப்புள்கொடிய யாராச்சும் ஒருத்தர் அறுக்கணும் இல்ல?" என்றார் மேடம். அந்த வாக்கியம் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்பது முகத்தில் தெரிந்தது. வேண்டுமானால் ஆபீஸ் நம்பரை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்.

"சரிங்க மேம்" என்றாள் அவள். இணக்கம் என்பது அதுதானே. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "மேம், இவளுக்குப் போன் மேல ஆசை இல்லீங்க. அவங்கப்பா மேல பயம். போன எடுக்கலீன்னா படிப்ப நிறுத்திருவாருங்க" என்றேன்.

மேடம் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். "நீ எதிர்த்துப் பேசுவேன்னு உன் ஸ்கோர்லயே தெரிஞ்சுபோச்சும்மா" என்றார். படித்தவர்களுடைய முட்டாள்தனத்துக்கு நிகராக உலகத்தில் எதுவும் இல்லை. பாமரன் தவறு செய்தால் நாலு பேர் திருத்துவார்கள். இவர்களைத் திருத்தப் போனால் நமக்கே ஒரு நோயின் பெயரைச் சூட்டி அனுப்புவார்கள்.

திங்கட்கிழமை காலை போன்களை வாங்கினார்கள். எங்கள் ஊரில் எதை அடுக்கவேண்டும் என்றாலும் முட்டை அட்டைதான். சேர்மனின் பண்ணையிலிருந்து வந்த அட்டைகளில், குழிக்கொரு போனாகச் செருகி நிறுத்தினார்கள். எத்தனை அழைப்பு தவறியது என்பதும் ஆய்வுக்கு வேண்டுமாம், அதனால் எதையும் அணைக்கக்கூடாது, சத்தத்தை மட்டும் நிறுத்தவேண்டும் என்று உத்தரவு. எல்லாரும் நிறுத்தினார்கள். என் தோழிக்கு அப்பாவின் நாதஸ்வரத்தை நிறுத்தத் துணிச்சல் வரவில்லை. அப்படியே கொடுத்தாள். அட்டைகளைப் பிரின்ஸ்பால் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

அன்றைக்கு அவளுடைய அப்பா ஆபீசுக்குப் போன் செய்து அவளை வரவழைத்துப் பேசினார். பரீட்சைக்காக வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். புள்ளியும் கல்லூரியிலேயே நின்றது. அரைமனதாக விட்டுவிட்டார். சாயங்காலம் வீடியோ இல்லாத அறையில் அவள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பின்னலை அவிழ்த்துவிட்டுக் கட்டிலில் குறுக்காகப் படுத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, மேடம் செய்வதில் ஏதோ நல்லதும் இருக்கிறதோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது.

மறுநாள் பிரின்ஸ்பாலுக்குப் பொறுக்கவில்லை. பீரோவுக்குள் அத்தனை போனும் மாறிமாறி உறுமினால் யாருக்குப் பொறுக்கும்? நடுநடுவே நாதஸ்வரம் வேறு. இதைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். விடுதியில் வைத்தால் வார்டன் திருப்பிக் கொடுத்துவிடுவார், வகுப்பறையில் வைத்தால் திருடு போய்விடும் என்று யோசித்த மேடம், மகா புத்திசாலியான ஒரு காரியம் செய்தார். முட்டை அட்டைகளை ஒரு பெரிய பையில் போட்டு, உயிரோடு இருந்த போன்களுடன் சேலம் பஸ் ஏறி, அம்மாபேட்டைக்குத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் போனில் புள்ளி நகர ஆரம்பித்தது. நாமக்கல்லை விட்டு, ராசிபுரம் தாண்டி, சேலத்துக்குள் போய், அம்மாபேட்டையில் ஒரு சந்தில் நின்றது. ஆபீஸ் மூடியிருந்தது. வார்டனை அழைத்தார். வார்டன் தன் போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் வந்த அழைப்பை இரண்டு முறையும் கட் செய்தார். இதை வார்டனே மறுநாள் எங்களிடம் சொன்னார், தெரியாத நம்பர் என்ற நியாயத்தோடு. வகுப்பு முழுக்கப் போனைப் பிடுங்கி வைத்த வாரத்தில், எடுக்கவேண்டிய ஒரே ஆள் போனிலேயே இருந்துகொண்டு எடுக்கவில்லை.

அப்பா கிளம்பிவிட்டார். தனியாகப் போயிருந்தால்கூட ஒரு வழி இருந்திருக்கும். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு எந்தச் சங்கடத்துக்கும் தனியாகப் போகத் தெரியாது. கார் ஓட்ட ஒரு பங்காளி, விலாசம் விசாரிக்க மச்சினன் என்று ஆள் சேர்த்துக்கொண்டு போனார். மகள் ஓடிப்போய்விட்டாள் என்று பயந்து தேடப் போகிறவர், அதைப் பார்த்து ஊருக்குச் சொல்லச் சாட்சியையும் கையோடு கூட்டிப் போனார். கௌரவத்தைக் காப்பாற்றும் லட்சணம் இது.

பிறகு நடந்ததை மேடமே எங்களிடம் விவரித்தார், தன்மீது தவறில்லை என்று காட்டுவதற்காக. அவர் தோசை மாவு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வீட்டில் அவருடைய தம்பி மட்டும், கல்யாணமாகாதவர், லுங்கியோடு கதவைத் திறந்திருக்கிறார். மூன்று பேர் வாசலில் நிற்கிறார்கள். எங்க பொண்ணு எங்கே என்று கேட்கிறார்கள். "பொண்ணா? இங்க பொண்ணுங்க யாரும் இல்லீங்களே" என்று அந்தத் தம்பி நெஞ்சறிய உண்மையைச் சொல்லியிருக்கிறார். அப்பா வாசலில் நின்றபடியே மகளின் எண்ணை அழுத்தியிருக்கிறார். உள்ளே, டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நாதஸ்வரம் முழங்கியிருக்கிறது.

எதிர்வீட்டுக்காரர்கள் ஓடிவந்து விலக்கிவிடும்வரை அந்தத் தம்பி வாங்கிய அடிக்கு நியாயமே இல்லை. மாவுப் பாத்திரத்தோடு திரும்பிய மேடம் அட்டைகளைக் காட்டி, ஆய்வை விளக்கி, வார்டனின் இன்னொரு நம்பருக்குப் போட்டு அவளையே பேசவைத்திருக்கிறார். மூவரும் நம்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்களாம். "எல்லாம் சுமுகமா முடிஞ்சிருச்சு" என்றார் மேடம்.

காலையில் அப்பா கல்லூரிக்கு வந்தார். பிரின்ஸ்பால் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அவள் என் கையை விடாததால் நானும் உள்ளே போனேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க மேல தப்பில்லீங்க மேடம். எம்புள்ள மேலயும் தப்பில்லீங்க. அது தங்கம், எனக்குத் தெரியாதா?" என்றார். "ஆனா பங்காளி பாத்துட்டாருங்க. ஒரு வயசுப் பையன் ஊட்டுல நம்ம புள்ள போன் அடிச்சத அவரு காதால கேட்டுட்டாரு. ஊர் வாய மூட ஒலமூடி உண்டுங்களா? எங்க அம்மணிய நான் கூட்டிட்டுப் போயிர்றேனுங்க."

மேடம் பிரின்ஸ்பாலைப் பார்த்தார். பிரின்ஸ்பால் சுவரைப் பார்த்தார். பெற்றோருடைய முடிவில் கல்லூரி தலையிடுவதில்லை என்று சுவரிடம் சொன்னார்.

"ஏனுங்கப்பா, அவ தப்பே பண்ணலீன்னு நீங்களே சொல்றீங்க. இன்னும் ஒரு செமஸ்டர்தானுங்க இருக்குது" என்றேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். "நீ நல்லா படிச்சு பெரியாளா வா சாமி" என்றார். அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. தன் மகள் தங்கம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, அது தெரியாத ஊருக்காக அவளைத் தூக்கிப் போடுகிற மனுஷன்மேல் கோபத்தை எதற்கு வீணாக்குவது? அருவருப்புதான் வந்தது.

அவள், "சரிங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். அறைக்குப் போய்த் துணிகளை மடித்து வைத்தாள். அப்போதும் ஒரு மடிப்புக் கலையவில்லை. ஸ்டெதஸ்கோப்பை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். கீழே மேடம் முட்டை அட்டையிலிருந்து அவள் போனை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதைச் சரிபார்க்கத் தன் போனிலிருந்து ஒருமுறை அடித்துப் பார்த்தார். நாதஸ்வரம் கேட்டது. அவள் பழக்கத்தில் உடனே எடுத்து, எதிரிலேயே நின்ற அப்பாவிடம், "சொல்லுங்கப்பா" என்றாள்.

அந்த வருடக் கடைசியில் கல்லூரியில் கருத்தரங்கு நடந்தது. சேர்மன் இரண்டு போன்களை மேசைமேல் வைத்துக்கொண்டு, போனால் இளைய தலைமுறை அழிகிறது என்று பேசினார். பேச்சின் நடுவே லாரி விஷயமாக வந்த ஒரு அழைப்பையும் மைக்கிலேயே பேசி முடித்தார். கைதட்டினோம். மேடத்தின் ஆய்வு பெரிய போஸ்டராக மாட்டப்பட்டிருந்தது. போன் இல்லாத வாரத்துக்குப் பின் பதற்றம் குறைந்தது என்று முடிவு. குறையாதா பின்னே, அதிகப் பதற்றக்காரி இரண்டாவது தாளை நிரப்ப அங்கே இல்லையே. கீழே சின்ன எழுத்தில், பங்கேற்பாளர் ஒருவர் ஆய்விலிருந்து இடையில் விலகினார் என்று போட்டிருந்தது.

நான் டீ கொடுக்கிற வேலையில் இருந்தேன். தட்டோடு நின்று, "அவங்க ஏனுங்க மேம் விலகினாங்க?" என்று, வெளியூரிலிருந்து வந்த நிபுணர்களுக்குக் கேட்கும்படி கேட்டேன். "குடும்பக் காரணம்" என்றார் மேடம், என் கண்ணைப் பார்க்காமல். நிபுணர் ஒருவர் டீயை எடுத்துக்கொண்டே, ஆய்வுகளில் இதெல்லாம் சகஜம் என்று எனக்கு அறிவூட்டினார். மேடத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

நான் இப்போது சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். வேலை முதுகை ஒடிக்கத்தான் செய்கிறது. உள்ளே நுழையும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டுவேன். பூட்டும்போதெல்லாம் அவள் ஞாபகம் வரும். அவளுக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் கல்யாணமாகிவிட்டது. என்னை அழைக்கவில்லை. எண் மட்டும் மாறவில்லை.

போன மாதம் ஒருநாள் டியூட்டி முடிந்து லாக்கரைத் திறந்ததும் அவளை அழைத்தேன். மணி முழுதாக ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்தாள்.

"சொல்லு புள்ள, நல்லாருக்கறயா?"

"இருக்கறேன். நீ எப்புடி இருக்கற? பேசலாமா?"

"பேசலாமே, தாராளமாப் பேசு" என்றாள். சற்று நிறுத்தி, அதே சிரித்த குரலில், "ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன்" என்றாள்.

பின்னால் ஒரு ஆண் தொண்டையைச் செருமுவது கேட்டது. வகுப்பிலேயே இணக்கம் இல்லாதவள் நான். அன்றைக்கு அவளுக்காக இணங்கிப் போனேன். உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்டேன்.